பதினொரு தாள் ஓ.கே., ஒரு தாள் ரிஜெக்ட்

போன மாதம் பிரியா போன் செய்தாள். எனக்குப் பிறகு என் பரிசோதனை மேஜையில் உட்கார்ந்திருக்கும் பெண். இனி அந்த மேஜையும் இருக்காதாம். அச்சு இயந்திரத்தின் மேலேயே கேமரா பொருத்திவிட்டார்களாம். கடுகளவு புள்ளி விழுந்தாலும் கண்டுபிடித்து அந்தத் தாளை ஒதுக்கிவிடுமாம்.

"எஸ்தர் மேடம், நீங்கல்லாம் வெறும் கண்ணால எப்டிப் பாத்தீங்கன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. ட்ரெயினிங்ல வைக்கலாம்னு சொல்றாங்க" என்றாள்.

சரி என்று உட்கார்ந்தேன். பேனாவை எடுத்ததும் நினைவுக்கு வந்தது பன்னிரண்டு பழைய செடிப் படங்கள்தான். அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் பொய் சொன்னது போல இருக்கும். இதை ட்ரெயினிங்கில் வைப்பார்களா என்று எனக்குத் தெரியாது. வைக்காவிட்டால் போகட்டும்.

எங்களுடையது ஒரகடத்தில் மருந்து அட்டைப்பெட்டி அச்சடிக்கும் கம்பெனி. வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊரிலிருந்து இருபத்தாறு வருடம் அங்கே போய் வந்தேன். வேலை, தரப் பரிசோதனை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கால் வலித்தது, கண் எரிந்தது, அவ்வளவுதான். மருந்துப் பெட்டி என்பதால் விளையாட்டு கிடையாது. 0.5 என்று இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி விழாமல் போனால் ஒரு குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து போகும். அந்தப் பயத்திலேயே கண் கூர்மையாகிவிடும்.

எங்கள் தர மேலாளர் தாமோதரன் சார். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தப்பான தாளை நாம் தேர்ச்சி என்று விட்டுவிட்டால், அதை எடுத்து வந்து நம் முன்னால் விரிப்பார். பக்கத்தில் நிற்பார். "பாரு. நான் சொல்ல மாட்டேன். நீயே பாரு" என்பார். கண்டுபிடிக்கும்வரை நகர மாட்டார். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும். ஒருமுறை நாற்பது நிமிடம் நின்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் கண்டுபிடித்துவிட்டேன்.

அவர் எனக்குக் கொடுத்த முதல் பாடம் இது. தாளுக்குத் தாள் வேறு வேறு இடத்தில் கறை விழுந்தால், அது கை பட்டது, தூசி பட்டது. எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் கறை விழுந்தால் அது இயந்திரத்தின் கோளாறு. தகட்டிலோ ரப்பரிலோ ஏதோ ஒட்டியிருக்கிறது. எங்கள் பேச்சில் அதற்கு ரிப்பீட் என்று பெயர். ரிப்பீட்டைக் கண்டால் மனிதனைத் தேடாதே, மிஷினைத் தேடு என்பார். இதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

சாருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பழைய காலத்தில் செடிகொடிகளை வரைந்து செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, அப்புறம் ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் பூசிய படங்களைச் சேகரிப்பது. அவர் அறையில் பெரிய தட்டையான இழுப்பறைகள் இருந்தன. கை கழுவித் துடைத்த பிறகுதான் திறப்பார். பக்கத்தில் பேனாவை வைக்க விட மாட்டார், பென்சில் மட்டும்தான்.

முதன்முதலாக அவர் எனக்கு ஒரு படத்தைக் காட்டியபோது ஆடிப்போய்விட்டேன். அது ஊமத்தை. எங்கள் ஊர்க் குப்பைமேட்டில் நிற்குமே, அதே ஊமத்தை. முள்ளுக்காய், வாடத் தொடங்கிய இலை, இலையில் பூச்சி கடித்த ஓட்டை உட்பட எவனோ ஒருவன் இருநூறு வருடத்துக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்திருக்கிறான். நான் காலால் ஒதுக்கிவிட்டுப் போகும் செடிக்கு இவ்வளவு மரியாதையா என்று வாயடைத்து நின்றேன். என் முகத்தைப் பார்த்துத்தான் சார் என்னை அந்த வேலைக்குச் சேர்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அந்த வேலை இதுதான். வியாபாரிகள் கொண்டுவரும் படம் அசலா நகலா என்று பார்ப்பது. எனக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. லென்ஸை வைத்தால், நகலில் எங்கள் அட்டைப்பெட்டியைப் போலவே நான்கு நிறப் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். அசலில் புள்ளியே இருக்காது. செதுக்கிய கோடு கறுப்பாக ஓடும், வண்ணம் அங்கங்கே கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். விரல் நுனியால் தடவினால் செப்புத் தகடு அழுத்திய பள்ளம் படத்தைச் சுற்றிச் சட்டம் போலத் தட்டுப்படும். அதற்கு மேலும் சந்தேகம் என்றால் யு.வி. லைட் இருக்கிறது. கம்பெனியில் அட்டையைச் சோதிக்க வைத்திருந்த ஊதா விளக்கு. இந்தக் காலத்துக் காகிதம் அதன் கீழே வெளேரென்று ஒளிரும். பழைய காகிதம் மங்கிக் கிடக்கும்.

ஒருமுறை ஒருவர் டீத்தண்ணீரில் ஊறவைத்துப் பழுப்பாக்கிய தாளைக் கொண்டுவந்து, ஜமீன் வீட்டுச் சொத்து என்றார். விளக்கைக் காட்டினேன். பளிச்சென்று எரிந்தது. மனிதர் டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். சார் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது நாலைந்து தடவைதான், அதில் அது ஒன்று. அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இந்தப் படங்கள் எங்கிருந்து வருகின்றன என்று நான் யோசித்ததே இல்லை. கேலண்டர் போலத் தனித்தனித் தாளாக அச்சடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாருடன் சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தோல் அட்டை போட்ட பெரிய புத்தகம் ஒன்றை மடியில் வைத்து, சவரக் கத்தியால் சர் சர்ரென்று பக்கங்களை அறுத்துக்கொண்டிருந்தார். எழுத்து உள்ள பக்கங்கள் ஒரு பக்கம் மூட்டையாகக் கிடந்தன.

"இன்னா சார் இது, கோழி அறுக்கிற மாதிரி அறுக்கறாரு!" என்றேன்.

"முழுப் புத்தகமா இருந்தா ஒருத்தர் வீட்ல பூட்டிக் கிடக்கும் எஸ்தர். இப்படின்னா நாப்பது பேர் பார்க்கலாம்" என்றார், வழக்கமான குரலில். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இன்று நினைத்தால் என் மீதே எரிச்சலாக வருகிறது.

நான் சேர்ந்து பத்துப் பதினோரு வருடம் ஆகியிருக்கும். சார் ஒரு கட்டைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு தாள்கள். எல்லாம் நம் ஊர்ச் செடிகள். ஊமத்தை, ஆவாரை, நொச்சி, ஆடாதொடை, இப்படி. மேலே இருந்தது எருக்கு. கம்பெனி மதிலை ஒட்டி மண்டிக் கிடக்கிறதே, அந்த எருக்கு. பூவின் கிரீடமும் இலையின் மாவுப் பூச்சும் அப்படியே இருந்தன. எல்லாமே அசல். லென்ஸ் வைத்தேன், விரலால் தடவினேன், விளக்கிலும் ஒருதரம் காட்டினேன். சந்தேகமே இல்லை.

ஆனால் அழுக்கு. ஒவ்வொரு தாளிலும் வலது கீழ் மூலையில் நீலக் கறை, வட்டமாக, தண்ணீர் பட்டுக் கலங்கியது போல. ஏழு புழுத் துளைகள். இடது ஓரம் கோணல்மாணலாக அறுபட்டிருந்தது.

பன்னிரண்டிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் கறை. என் மூளை எப்படி வேலை செய்யும்? ரிப்பீட். மிஷின் கோளாறு. அந்தக் காலத்து அச்சகத்தில் ஏதோ நீல மை ஒட்டியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். சாரிடம் அதைச் சொல்லவும் சொன்னேன். சார் கறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எடுத்துட முடியுமா?" என்றார்.

பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தியிருந்த ஒரு நாளில், பகல் முழுக்க உட்கார்ந்து செய்தேன். முதலில் எருக்கை எடுத்தேன். அச்சு இயந்திரத்தில் நாங்கள் பயன்படுத்தும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒற்றினேன். அவசரப்பட்டுவிட்டேன். கீழே மை உறிஞ்சும் தாள் வைக்காததால் நீலம் கரைந்து இன்னும் பரவியது. அத்துடன் அதை நிறுத்திவிட்டு, அடுத்த தாளுக்குக் கீழே நான்கு உறிஞ்சுதாள்களை வைத்தேன். வெளிவட்டத்திலிருந்து உள்ளே, உள்ளே, ஒரு பஞ்சுக்கு ஒரே ஒரு ஒற்றல். நீலம் மெல்ல இறங்கிக் கீழ்த்தாளுக்குப் போயிற்று. பதினொரு தாளிலும் சுத்தமாக எடுத்தேன். பழைய வெற்றுக் காகிதத்தைச் சுரண்டி, மைதாப் பசையில் குழைத்து, குண்டூசி முனையால் புழுத் துளைகளை அடைத்தேன். இடது ஓரத்தை மூன்று மில்லிமீட்டர் எடுக்கச் சொல்லி சாரே அளவு சொன்னார். கட்டிங் மிஷினில் வைத்து நேராக வெட்டினேன்.

முடிந்ததும் பழக்க தோஷம், ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் ஓ.கே. என்று போட்டுக் கையெழுத்திட்டேன். எருக்குக்கு ரிஜெக்ட் டேக் கட்டினேன். எங்கள் டேக் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. எண்ணைப் பதிவேட்டில் எழுதாமல் டேக்கைக் கிழிக்க முடியாது. மருந்துப் பெட்டி என்பதால் அந்தக் கறார். ஆகவே பதிவேட்டிலும் எழுதினேன். வெளித் தாள் பன்னிரண்டு, ஓ.கே. பதினொன்று, ரிஜெக்ட் ஒன்று, காரணம் நீலக் கறை, புழுத் துளை, ஆய்வு எஸ்தர், தேதி.

"ரிஜெக்ட்டத் துண்டு போட்டுடு" என்றார் சார். ரிஜெக்ட் ஆனது எதுவாக இருந்தாலும் துண்டாக்கும் மிஷினில் போடுவதுதான் விதி. அந்த ஒரு நாள் விதியை மீறினேன். எருக்கின் மேல் எனக்கு மனசு வரவில்லை. டேக்கோடு சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு மாட்டிவிட்டேன். மற்றப் பதினொன்றைப் பார்த்து சார், "எஸ்தர், புதுசா அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

சார் ஓய்வு பெற்றபோது அந்தப் பதினொன்றையும் கம்பெனிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். தங்க நிறச் சட்டத்தில் ரிசப்ஷன் சுவர் முழுக்க மாட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். தினமும் பஞ்ச் வைத்துவிட்டு உள்ளே போகும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது, ஒரு நாள் கேன்டீனில் கலா என் எதிரே உட்கார்ந்தாள். கலா ஹவுஸ்கீப்பிங் பெண். ரிசப்ஷனையும் ஆபீஸ் பகுதியையும் துடைப்பவள். எப்போதும் எல்லோரையும் கிண்டல் செய்துகொண்டே சாப்பிடுபவள், அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"வூட்டுக்காரருக்கு கடைசி விசாரணைக்கா. இந்த தபா டிஸ்மிஸ்தான்னு சொல்லிக்கினு கீறாங்க."

அவள் கணவர் ஏழுமலை ஒரு பழைய கல்லூரியின் நூலகத்தில் அட்டெண்டர் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடமாக சஸ்பென்ஷனில் இருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. அதனால்தான் கலா வேலைக்கே வந்திருக்கிறாள்.

"இன்னா பண்ணாராம்?"

"ஒண்ணியும் பண்ணலக்கா. எதோ வெள்ளக்காரன் காலத்து புக்காம். அதுலேர்ந்து பன்னெண்டு படத்த அறுத்துக்கினு போயிட்டாங்களாம். சாவி இவர்கிட்ட இருந்துச்சு, அதனால இவர்தான் வித்துட்டாருன்னு எழுதிட்டாங்க. தெருவுல ஒரு சைக்கிள் காணோம்னாகூட எங்க வூட்டத்தான்க்கா பாக்குறாங்க."

"இன்னா படம்?" என்றேன்.

"செடிப் படம்க்கா. எருக்கு, ஊமத்தை, அந்த மாதிரி. காலேஜ் ஸ்டாம்பு குத்தி இருக்குமாம். வட்டமா, நீலமா, வலது பக்கம் கீழ மூலையில."

கையிலிருந்த கவளம் தட்டில் விழுந்தது. அது எனக்குத் தெரியவில்லை. கலா, "இன்னாக்கா, இன்னா ஆச்சு?" என்று தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் நான் எழுந்து நிற்கிறேன் என்பதே தெரிந்தது.

வட்டம். நீலம். வலது கீழ் மூலை. கறை பன்னிரண்டு தாளிலும் ஒரே இடத்தில் விழுந்தது மிஷினால் இல்லை. ஓர் ஆள் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, ஒழுங்காக அதே மூலையில் முத்திரை குத்தியிருக்கிறார். மனிதனைத் தேடாதே என்ற பாடத்தைப் படித்த நான் அந்த மனிதனைப் பார்க்கவே இல்லை.

யு.வி. விளக்கை எடுத்துக்கொண்டு நேராக ரிசப்ஷனுக்குப் போனேன். சாப்பாட்டு நேரம் என்பதால் யாரும் இல்லை. கலா என் பின்னாலேயே வந்தாள். ஜன்னல் திரைகளை இறக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் இறக்கினாள். முதல் சட்டத்தைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்துவிட்டு விளக்கைக் காட்டினேன். ஊமத்தை. வலது கீழ் மூலையில் நான் கழுவிய இடம் கருத்த வட்டமாக எழுந்து நின்றது. எழுத்து ஒன்றும் படிக்கிற மாதிரி இல்லை, வட்டம் மட்டும். அடுத்தது ஆவாரை, அதிலும் வட்டம். நொச்சியிலும் இருந்தது. மற்றச் சட்டங்களைக் கழற்ற எனக்குத் தெம்பு இல்லை.

"இன்னாக்கா இது ரவுண்டா?" என்றாள் கலா.

சொன்னேன். மறைக்க எனக்கு வழி தெரியவில்லை. நான்தான் கழுவினேன் என்பதையும் சொன்னேன். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். கையில் இருந்த துடைக்கும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வேலைக்கு வந்த மொத நாளே பாத்தேன்க்கா. ஊமத்தம்பூ எனக்குத் தெரியாதா? அவர் சொன்ன மாதிரியே கீதேன்னு கிட்ட போயி ஸ்டாம்பு இருக்கான்னு பாத்தேன். ஒண்ணொண்ணா பாத்தேன். இல்ல. சரி, இது வேறன்னு வுட்டுட்டேன். மூணு வருஷமா தினம் நான்தான்க்கா இத தொடைக்கிறேன்."

இன்றுவரை அந்த வார்த்தை என்னை விடவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு சாரைப் பார்க்கப் போனேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தார். அதே மடிப்புக் கலையாத சட்டை. வழியெல்லாம் ஒரே பிரார்த்தனைதான், சாருக்கும் தெரிந்திருக்கக் கூடாது. அவரும் என்னைப் போல ஏமாந்திருக்க வேண்டும். விஷயத்தைச் சொன்னேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டார்.

"வெட்டினது நான் இல்ல எஸ்தர். கட்டா விலைக்கு வந்தது, வாங்கினேன். அங்கேயே கிடந்திருந்தா கரையான் தின்னிருக்கும்."

"ஸ்டாம்புன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

சட்டைக் கையை இழுத்து நேர் செய்தார்.

"ஸ்டாம்புன்னு தெரிஞ்சிருந்தா நீ கழுவியிருப்பியா?"

"மாட்டேன் சார்."

"அதான் சொல்லல."

தலையில் யாரோ கல்லைப் போட்டது போல இருந்தது. எத்தனை வருடம் பக்கத்தில் நின்று, நான் சொல்ல மாட்டேன், நீயே பார் என்றிருப்பார்? நான் தப்பாகப் பார்க்கிறேன் என்று தெரிந்தும் அவர் 'பாரு' என்றுகூடச் சொல்லாத ஒரே தடவை அது. அந்தத் தாள்களின் ஓரத்தை மூன்று மில்லிமீட்டர் வெட்டச் சொன்னது ஏன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. புத்தகத்தில் மிச்சமிருக்கும் அறுபட்ட ஓரத்தோடு வைத்துப் பார்த்தால் பொருந்திவிடும் அல்லவா.

"உன்மேல ஒரு தப்பும் இல்ல. உனக்குத் தெரியாது" என்றார்.

"ஏழுமலைக்கும் தெரியாது சார்."

"உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. யோசிச்சுக்கோ. பதிவேட்டுல உன் கையெழுத்துதான் இருக்கு. என் பேர் எங்கயும் இல்ல" என்றார். மிரட்டுகிற குரல் இல்லை. தாளில் இருக்கும் குறையைச் சொல்வது போலச் சொன்னார். டீ வந்தது. நான் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சுவரிலிருந்து எருக்கைக் கழற்றினேன். சட்டத்தின் பின்னால் டேக் அப்படியே இருந்தது. எண், காரணம், கையெழுத்து, தேதி. தேதியைப் பார்த்துக் கலாவுக்குப் போன் செய்தேன். ஏழுமலை அந்த நூலகத்தில் எப்போது சேர்ந்தார் என்று கேட்டேன். அவள் சொன்னாள். என் டேக்கில் இருந்த தேதி அதற்கு மூன்று வருடம் முந்தியது.

விசாரணை கல்லூரி முதல்வர் அறையில் நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழுமலையை அன்றுதான் நேரில் பார்க்கிறேன். ஒடிசலான மனிதர், சட்டை தோளில் தொங்கியது. புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கைக்குழந்தையைத் தூக்குவது போல எடுத்துவந்து வைத்தார். பன்னிரண்டு இடத்தில் அறுபட்ட ஓரங்கள் மட்டும் துருத்திக்கொண்டு நின்றன. எருக்கை அதன் ஓரத்தோடு வைத்தார். கோணல்மாணலான வெட்டு பல்லுக்குப் பல் பொருந்தியது. புத்தகத்தில் அதற்கு முந்தைய பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் அதோடு சேர்த்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஏழு துளையிலும் வெளிச்சம் வந்தது. டேக்கையும் கம்பெனிப் பதிவேட்டின் நகலையும் நான் மேஜையில் வைத்தேன்.

"அந்த நீலத்தைக் கழுவியது யார்?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"நான்தான் சார். கறைன்னு நினைச்சுதான் கழுவினேன்."

ஏழுமலை அதுவரை என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் திரும்பினார்.

"கறையா?" என்றார். "அந்த ஸ்டாம்ப நான் தெனம் குத்துறவன் மேடம். அத கறைன்னு ஒர்த்தர் சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே திகைத்துப் போயிருந்தார்.

ஏழுமலையை விடுவித்து வேலையில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். சாருக்குக் கடிதம் போட்டார்கள். கட்டாக விலைக்கு வாங்கினேன், மூலம் தெரியாது என்று பதில் எழுதினாராம். எனக்குக் கம்பெனியில் மெமோ கிடைத்தது. பரிசோதனை மேஜையிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். கடைசி இரண்டு வருடம் அட்டைக் கட்டுகளை எண்ணிக்கொண்டு இருந்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் இன்னொரு தாளை லென்ஸில் பார்க்கும் துணிச்சலும் எனக்கு அப்போது இல்லை.

ரிசப்ஷன் சுவரிலிருந்து பதினொரு படங்களையும் இறக்கி உறையில் போட்டு சீல் வைத்தார்கள். கலா அந்த வாரமே வேலையை விட்டு நின்றுவிட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள், ஆனால் அக்கா என்று கூப்பிடவில்லை.

எருக்கு மட்டும் புத்தகத்துக்குத் திரும்பிப் போயிற்று. நான் வேண்டாம் என்று ஒதுக்கிய தாளில்தான் வெட்டு, துளை, முத்திரையின் மிச்சம் எல்லாமே இருந்தன. மற்றவை பதினொன்றும் கல்லூரிக்கும் கம்பெனிக்கும் நடுவே கடிதமாக அலைந்துகொண்டிருந்தன. ஒரே பதிவேடு ஓர் ஆளை விடுவிக்கப் போதுமானதாக இருந்தது, தாளைத் திருப்பி எடுத்துக்கொள்ளப் போதுமானதாக இல்லை. நான் மூன்று தடவை மனு எழுதினேன்.

பிரியா போன் செய்த அதே வாரம் ஏழுமலையும் போன் செய்தார். என் மனுவைப் பார்த்த கல்லூரிக் கமிட்டியின் முடிவு வந்துவிட்டதாம். அந்தப் பதினொரு தாள்களும் தங்கள் நூலகத்துடையவை என்று ஏற்க இயலாது என்று எழுதிவிட்டார்களாம். அவரே போய் ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்த்துக் குறிப்பு எடுத்துக் கொடுத்தாராம். அதை வைத்து அவர்கள் எழுதிய காரணத்தைப் போனில் எனக்கு வாசித்துக் காட்டினார்.

"ஸ்டாம்பு இல்ல. ஓட்ட இல்ல. ஓரம் பொருந்தல. பின்பக்கம் பென்சில்ல ஓ.கே.ன்னு போட்டு ஒரு கையெழுத்து மட்டும் கீது. அவ்ளோதான் மேடம் எழுதிக்கிறாங்க."

"அது என் கையெழுத்துங்க" என்றேன்.

"தெரியும்" என்றார்.